அம்மாவின் நிறை 61இலிருந்து 54.5க்கு இறங்கிவிட்டது, எந்தச் சத்துமா டின் வாங்கலாம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, உயரம் 5 அடி. பெருங்குடலில் புற்றுநோய் என்று ஒப்பரேஷன் முடிந்து, இப்போது மூன்று கிழமைக்கு ஒருதரம் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ. ஒரு நாள் சேலைன் போல ஏற்றுவார்கள், பிறகு இரண்டு கிழமைக்குக் குளிசை. நான்கு தரம் முடிந்துவிட்டது. ஒப்பரேஷனுக்கு முன் 61 கிலோ, ஐந்து மாதத்தில் 54.5. “வாய்க்குப் பிடிக்கேல்லை” என்று தட்டைத் தள்ளிவிடுகிறா. கிளினிக்கில் “நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ” என்றார்களாம். இனிப்பு கொடுத்தால் கட்டி வளரும் என்று அத்தை, முட்டை கிரந்தி, காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கும் என்று பக்கத்து வீடு. ஆளுக்கொரு டின் பெயர் சொல்கிறார்கள், எதை வாங்குவது? இதுதான் கேள்வி.

தம்பி, டின்னுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அம்மாவின் கீமோ கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு தரமும் அதில் நிறை எழுதியிருப்பார்கள். அதை எழுதுவது அம்மா மெலிகிறாவா என்று பார்ப்பதற்கல்ல. கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் நிறையையும் வைத்து உடலின் மேற்பரப்பைக் கணித்துத்தான் தீர்மானிப்பார்கள். அதற்காக எழுதியது. ஆகவே அன்றைய இலக்கத்தை அன்றைக்குப் பார்ப்பார்கள், பக்கம் திருப்பிப் போன மாத இலக்கத்தோடு வைத்துப் பார்க்க, நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் கிளினிக்கில் யாருக்கும் நேரமில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் போசாக்குப் பிரிவில் வேலை செய்தவள். எங்கள் மேசைக்கு ஆள் வந்து சேரும்போது அநேகமாகப் பத்துக் கிலோ போயிருக்கும். கொப்பியைத் திருப்பினால் மூன்று மாதமாகவே எழுதித்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 61இல் 6.5 போனால் கிட்டத்தட்ட 10.7 வீதம். 2019இல் வெளியான சர்வதேச வரையறைப்படி ஆறு மாதத்துக்குள் 5 வீதத்துக்கு மேல் குறைந்து, கூடவே சாப்பாடும் குறைந்திருந்தால் அது மந்தபோசணை. 10 வீதத்தைத் தாண்டினால் கடுமையான மந்தபோசணை. உங்கள் அம்மா அந்த இரண்டாவது கோட்டைத் தாண்டிவிட்டா. ஆனால் உடல் திணிவுச் சுட்டியை (BMI) போட்டால் 23.5 வரும், யார் பார்த்தாலும் “நல்ல உடம்பாத்தான் இருக்கிறா” என்றுதான் சொல்வார்கள். மந்தபோசணை என்றதும் எலும்பும் தோலுமான பிள்ளையின் படம்தான் நம் மனதில் வருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் பார்த்த மந்தபோசணை சாறி கட்டி, பவுடர் போட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும். மோதிரம் கழன்று விழுவது, பல்செட் ஆடுவது, ஐயாமாருக்குச் சாரம் இடுப்பில் நிற்காதது, கதிரையில் கையூன்றாமல் எழும்ப முடியாதது, மாடிப்படியில் நடுவில் நிற்பது, இவைதான் முகத்துக்கு முன் சொல்லும் அடையாளங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. 1999இல் அவுஸ்திரேலியாவில் உருவாக்கியது, இரண்டே கேள்வி. முயற்சி செய்யாமலே நிறை குறைந்ததா? 1 முதல் 5 கிலோ என்றால் ஒரு புள்ளி, 6 முதல் 10 என்றால் இரண்டு, 11 முதல் 15 என்றால் மூன்று, அதற்கு மேல் நான்கு. எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் இரண்டு. அடுத்தது, பசியில்லாமல் சாப்பாடு குறைந்ததா? ஆம் என்றால் இன்னொரு புள்ளி. கூட்டி இரண்டு வந்தாலே ஆபத்து, போசாக்கு ஆலோசகர் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதுமல்ல. இத்தாலியில் 1,952 நோயாளர்களை, அவர்கள் முதன்முதல் புற்றுநோய்க் கிளினிக்குக்கு வந்த அன்றே சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு, சரியாகச் சொன்னால் 51 வீதத்தினருக்கு, அன்றே போசாக்கில் குறை இருந்தது. கீமோ தொடங்கவில்லை, கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்கவில்லை, அதற்குள் அந்த நிலை. வார்டில் கிடப்பவர்களுக்காவது சாப்பிட்டார்களா என்று கேட்க ஒரு நேர்ஸ் மிஸ் இருக்கிறா. வீட்டிலிருந்து போய் வருபவருக்குக் கிளினிக் நாள் ஒன்று, வீட்டு நாள் இருபது. நிறை கரைவது அந்த இருபதில்.

ஏன் கரைகிறது? பிடிவாதத்தால் அல்ல. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், அம்மாவுக்கும் சொல்லுங்கள். புற்றுநோய் இருக்கும் உடலில் ஓர் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். அதில் சுரக்கும் பொருட்கள் மூளையில் பசியைத் தூண்டும் இடத்தையே அமத்திவிடும், தசையையும் உடைக்கும். சும்மா பட்டினி கிடப்பவருக்குப் பசிக்கும். இவர்களுக்குப் பசிக்காது, இரண்டு வாயில் வயிறு நிரம்பிவிடும். அதன் மேல் கீமோவின் ஓங்காளம், வாய்ப்புண், வாயில் ஓர் இரும்புச் சுவை. நோய் முற்றிய சிலருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தசை முழுதாகத் திரும்பி வராத கட்டமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் அம்மா இருப்பது அங்கே அல்ல என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் எழுதிய ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன்.

காலையில் வெறுந்தேத்தண்ணியும் மூன்று மாரி பிஸ்கட்டும். பகல் அரிசிக் கஞ்சி ஒரு கோப்பை. பின்னேரம் மாதுளம்பழச் சாறு. இரவு இடியப்பம் மூன்று, சொதியோடு. எல்லாம் சேர்த்து 700 கலோரியைத் தாண்டாது. புரதம் 15 கிராம் வந்தால் பெரிய காரியம். அம்மாவின் நிறைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,400 முதல் 1,600 கலோரி, புரதம் 65 முதல் 80 கிராம். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை வரை என்பது ஐரோப்பிய வழிகாட்டி சொல்வது. கலோரியில் பாதி, புரதத்தில் கால்வாசியும் இல்லை. நோய் தின்றது போக மீதியை நம் கஞ்சியும் தின்றிருக்கிறது.

கஞ்சியில் எனக்குப் பகை இல்லை. ஆனால் வருத்தக்காரர் என்றதும் நாங்கள் காய்ச்சும் அந்தத் தண்ணிக் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி அரிசிதான் இருக்கும், 100 கலோரி. மிச்சமெல்லாம் தண்ணீர், அதுவும் வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஓர் ஐயாவைக் கொண்டுவந்தார்கள், வாய்ப்புற்றுநோய், மூக்கால் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியவர். மகள் இரண்டு மணிக்கொருதரம் நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறா, ஒரு கொப்பியில் நிமிடம்கூடக் குறித்திருந்தா. குழாய் அடைத்துவிடும் என்ற பயத்தில் வடித்த கஞ்சித் தண்ணியை மட்டும் கொடுத்திருக்கிறா. ஆறு கிழமை. அவவை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது எதை, எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கிரந்திக்கு வருவோம். ஒப்பரேஷன் காயம் என்றதும் முட்டை, இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய், பூசணி, தக்காளி என்று ஒரு நீண்ட பட்டியல் நம் வீடுகளில் தானாக வந்துவிடும். ஒவ்வாமை உள்ள ஆளென்றால் சரி, அவருக்கு ஒத்துக்கொள்ளாததை விடட்டும். மற்றவருக்கு முட்டையால் காயம் சீழ் பிடிக்காது. காயம் பொருந்துவதே புரதத்தால். முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டு, காயம் ஆறவில்லை என்று மீண்டும் பத்தியத்தை இறுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அத்தையின் சீனிக் கதையும் அப்படித்தான். புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அதிகம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் சீனியை நிறுத்தினால் உடல் தன் தசையை உடைத்துக் குளுக்கோசைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டி பட்டினி கிடக்காது, அம்மாதான் கிடப்பா. அம்மாவுக்குச் சலரோகம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கதை வேறு: சீனியைப் பார்த்துப் போட வேண்டும். அதைவிட முக்கியம், சாப்பாடு பாதியாகியும் பழைய அளவில் சலரோகக் குளிசை போட்டால் சீனி திடீரென்று இறங்கி மயங்கிவிடக்கூடும். கிளிக்கிளசைட் போன்றவை போடுகிறா என்றால் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

முள் சீத்தா இலை அவித்த தண்ணி, ஏழு இலைச் சாறு, போத்தலில் வரும் லேகியம், இவை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் ஏதாவது இருக்கும். கீமோ காலத்தில் டொக்டருக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம், ஈரல் இரண்டு வேலை செய்ய முடியாது.

இப்போது சமையல். அம்மா சாப்பிடுகிற அதே சாப்பாட்டை வைத்துக்கொள்வோம், அளவைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டுவோம். வெறுந்தேத்தண்ணிக்குப் பதில் பால்மா இரண்டு கரண்டி குவித்துப் போட்ட தேத்தண்ணி, பிஸ்கட்டை அதிலேயே நனைத்துத் தின்னட்டும். கஞ்சியை மைசூர்ப்பருப்பு ஒரு பிடி போட்டுக் குழையக் காய்ச்சி, இறக்க முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகும்வரை கிளறி, தேங்காய் முதற்பாலும் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி, வயிற்றில் இடமே பிடிக்காது. சொதி வெறும் சொதியாக இருக்க வேண்டாம், அதில் ஒரு மீன் துண்டையோ அவித்த முட்டையையோ போடுங்கள். மாதுளம்பழச் சாறு இருக்கட்டும், ஆனால் பின்னேரத்தில் அதன் இடத்தை உழுந்துக் களியோ, தயிரும் பனங்கட்டியுமோ, வறுத்து இடித்த கச்சானும் வாழைப்பழமுமோ பிடிக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நூறு கிராம் கச்சானில் 25, உள்ளங்கையளவு மீன் துண்டில் 20 வரை. இரண்டு முட்டை, இரண்டு மீன் துண்டு, அரைக் கோப்பை பருப்பு, இரண்டு தரம் பால்மா, ஒரு சிறு சட்டி தயிர், இவ்வளவும் உள்ளே போனால் அறுபத்தைந்து வந்துவிடும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அன்றைக்கு மீனுக்குப் பதில் சோயா மீற்றும் கடலையும், தயிர் கூட. விரதத்தை இந்தக் காலத்தில் விட்டுவிடலாம், அதற்குக் கோயில் ஐயரே ஆம் என்பார், கேட்டுப் பாருங்கள்.

மூன்று வேளைக் கணக்கை மறந்துவிடுங்கள். ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு சின்னத் தட்டு. பெரிய தட்டைக் கண்டாலே சத்தி வரும். காலையில் கொஞ்சம் பசி இருக்கும், பின்னேரமாகக் களைத்துவிடுவார்கள், ஆகவே கனமானதைக் காலையிலேயே கொடுங்கள். இரும்புச் சுவைக்கு எவர்சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டி, வாய்ப்புண் இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி, ஊறுகாய், ரசம். ஓங்காளக் குளிசையைச் சத்தி வந்த பிறகு அல்ல, டொக்டர் சொன்ன நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன முறையைப் பார்த்தால் ஏற்றுவது ஒக்சலிபிளாட்டினும் குளிசை கப்பசிட்டபினும் போலிருக்கிறது, கொப்பியில் பாருங்கள். அப்படியென்றால் இரண்டு விஷயம். பலர் “ஐஸ்கிரீம் கொடுங்கோ, வாய்க்கு நல்லது” என்பார்கள். ஒக்சலிபிளாட்டின் ஏற்றிய நாட்களில் குளிர்ந்தது தொட்டாலே விரல் விறைக்கும், குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நிற்பது போல் பயம் வரும். பிரிட்ஜிலிருந்து எடுத்த எதுவும் வேண்டாம், தயிர்கூட வெளியில் கொஞ்சம் வைத்துக் கொடுங்கள். மற்றது, கப்பசிட்டபின் குளிசை சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. காலையும் இரவும் உண்மையான சாப்பாடு ஒன்று உள்ளே போயிருக்க வேண்டும், மூன்று பிஸ்கட் அல்ல. அந்தக் குளிசையால் வயிற்றோட்டம் வந்தால், வழமையைவிட நான்கு தரம் கூடப் போனால், குளிசையைத் தொடர்வதா என்று உடனே கிளினிக்கைக் கேளுங்கள். அதுவரை ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்).

கிளினிக் நாளைப் பற்றி ஒன்று. விடிய நாலரைக்கு எழும்பி, புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, ரிப்போட் வந்து, மருந்து ஏற்றி முடிய மூன்று மணி. அதுவரை வெறும் வயிறு, ஏனென்றால் “இரத்தம் எடுக்கிறார்கள்”. கீமோவுக்கு முன் வழமையாக எடுக்கும் இரத்தக் கல எண்ணிக்கைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. வெறும்வயிற்றுச் சீனி பார்க்கச் சொன்னால்தான் சாப்பிடாமல் போக வேண்டும். கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, வீட்டில் ஏதாவது சாப்பிட்டு, பையில் முட்டை வைத்த பாணும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போங்கள். மூன்று கிழமைக்கு ஒரு முழுப் பட்டினி நாள் இதனால் இல்லாமல் போகும்.

நீங்களும் மனைவியும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், பகலில் அம்மா தனியே என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு டின்னைவிட அதுதான் உறுத்துகிறது. தனியே இருப்பவர் தனக்காகச் சுடவைத்துச் சாப்பிடமாட்டார். இதில் இன்னொன்று, பகலில் எல்லோருக்கும் சமைப்பதும் அம்மாதானா? வெங்காயம் தாளிக்கும் மணத்திலேயே அவவின் அன்றைய பசி முடிந்துவிடும். கீமோ முடியும் மட்டும் குசினியிலிருந்து அம்மாவை விடுவியுங்கள். பக்கத்து பிளட்டில் யாராவது பதினொரு மணிக்கு வந்து கூட இருந்து சாப்பிட்டால், அது ஒரு டின்னுக்குச் சமம். சாப்பிட்ட பின் படுக்க விடாமல் கொறிடோரில் பத்து நிமிடம் நடக்கட்டும், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கப் பழகட்டும். அசையாத உடம்பில் எவ்வளவு புரதம் போட்டாலும் தசையாகாது.

டின். 400 கிராம் என்ஷுவர் போன்றதை டின்னில் எழுதியபடி கரைத்தால் ஏழு கிளாஸ் வரும், ஒரு கிளாஸில் 230 கலோரி அளவு, புரதம் 9 கிராம் அளவு. நல்ல சாமான்தான், இரண்டு வேளைக்கு நடுவில் கூடுதலாகக் கொடுத்தால். ஆனால் விலையைப் பார்த்து இரண்டு கரண்டியைப் பெரிய கப்பில் கரைத்து ஒரு மாதத்துக்கு இழுப்பார்கள். அதில் வெனிலா மணம் மட்டும்தான் மிஞ்சும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் போனபோது முட்டையையும் பால்மாவையும் நிறுத்திய வீடுகள் பல, விலை ஏறுவது மெதுவானபிறகும் அந்தப் பழக்கம் திரும்பவில்லை. டின் காசுக்கு முட்டையும் பால்மாவும் கச்சானும் வாங்கினால் கூடப் புரதம் வரும். கையில் காசு இருந்தால் இரண்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் டின்னை விடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். விழுங்க முடியாத நோயாளருக்குத்தான் டின் இல்லாமல் முடியாது. அம்மா விழுங்குகிறா.

அடுத்த கிளினிக்கில் “சாப்பிடுகிறா இல்லை” என்று சொல்லாதீர்கள். “ஐந்து மாதத்தில் 6.5 கிலோ, 10 வீதத்துக்கு மேல், போசாக்குப் பிரிவுக்கு அனுப்புங்கோ” என்று இலக்கத்தோடு சொல்லுங்கள். இலக்கம் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள், கடதாசியும் எழுதுவார்கள். பசி வரச் செய்யும் மருந்தும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் ஒலான்சபின் 2.5 மில்லிகிராமை 12 கிழமை கொடுத்துப் பசியும் நிறையும் கூடியதை 2023இல் வெளியிட்டார்கள். அது இரைப்பை, ஈரல்-பித்தப்பை-கணையம், நுரையீரல் புற்றுநோயாளர்களில் செய்தது. அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை அவரின் டொக்டர்தான் சொல்ல வேண்டும், பாமசியில் நீங்களாக வாங்க வேண்டாம். ஒரு குளியலறைத் தராசு வாங்குங்கள், ஞாயிறு காலை ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். கால் வீங்கி, வயிறு உப்பி நிறை கூடினால் அது தேறியது அல்ல, நீர்.

38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. வயிறு உப்பி, வாயுவும் மலமும் போகாமல் சத்தி எடுத்தாலும் அப்படியே, குடல் அடைத்திருக்கலாம், அந்த நேரம் ஒன்றும் வாயால் கொடுக்காதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து, இரத்தத்தில் பொஸ்பேற்று இறங்கி இதயத்தைத் தாக்கும், அதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போனது. ஒப்பரேஷனில் வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருக்கிறார்களா, இல்லையா? வைத்திருந்தால் கச்சான், கடலை பற்றி நான் சொன்னது மாறும். எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.